பிரதிக்கும் நோகுமா?



விஞ்ஞானப் புனைகதை என்றதும் விண்கலங்களும் வேற்றுக்கிரக வாசிகளுந்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், அந்த இலக்கிய வகையின் எழுத்தாளர்களை நெடுங்காலமாக ஈர்த்துவரும் இன்னொரு விடயமும் உண்டு. ஒருவருடைய மனத்தை, அதன் நினைவுகள், ஆசைகள், பயங்கள் அனைத்துடனும் மூளையிலிருந்து படியெடுத்து, ஓர் இயந்திரத்திலே இயங்கவிடுவதுதான் அது. இந்தக் கற்பனை எழுப்பும் அறவியற் பிரச்சினையை, சில கதைகளின் துணையோடு இன்று பார்ப்போம்.

முதலில், இதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு பாடகரின் குரலை ஒலிநாடாவிற் பதிவுசெய்கிறோம். பாடகர் மறைந்த பின்னரும் அந்தக் குரல் பாடுகிறது. ஆனால், தான் பாடுவதை அந்த ஒலிநாடா அறியாது. மனத்தைப் பதிவுசெய்வதாகச் சொல்லும் கதைகளிலோ பதிவு தன்னை அறிகிறது. கண் விழித்து, “நான் எங்கே இருக்கிறேன்?” என்று கேட்கிறது. அதற்குப் பிரக்ஞை இருக்கிறது என்பதே இந்தக் கதைகளின் அடிப்படை எடுகோள்.

இது விஞ்ஞானத்தாற் கைகூடிய காரியமல்ல. 302 நரம்புக் கலங்களை மாத்திரம் கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பிணைப்பு வரைபடம் 1986ஆம் ஆண்டு வெளியாகியது. வளர்ந்த பழ ஈ ஒன்றின் முழு மூளைக்கான வரைபடம் 2024ஆம் ஆண்டில் வெளியாகியது. அதில் ஏறத்தாழ 1,39,000 நரம்புக் கலங்கள் உள்ளன. மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி. அத்துடன் வரைபடம் என்பது வேறு, மனம் என்பது வேறு. ஒரு வீட்டின் வரைபடத்திலே யாரும் குடியிருக்க முடியாதல்லவா? ஆகவே, நாம் பேசுவது கதையைப் பற்றித்தான். ஆனால், செய்யக்கூடாதது எது என்ற கேள்வியை, செய்ய முடிகிற நாள் வரும்வரை ஒத்திவைக்க வேண்டியதில்லை. நல்ல எழுத்தாளர்கள் அதை முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள்.

“இதிலென்ன புதுமை? கூடுவிட்டுக் கூடு பாய்வதை நம்மவர்கள் அன்றே சொல்லவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, அவனுடைய பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கிய யோகியார் அவனுடைய உடலிற் புகுந்த கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. அன்று மாலை மூலனின் மனைவி வந்து கணவனை வீட்டுக்கு அழைக்கிறாள். தமக்கும் அவளுக்கும் எந்த உறவுமில்லை என்று திருமூலர் மறுத்துவிடுகிறார். உடல் அவனுடையது, உள்ளே இருப்பவர் வேறொருவர். அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? இன்றைய விஞ்ஞானப் புனைகதையாளர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று அங்கேயே இருக்கிறது.

எனினும், ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கூடுவிட்டுக் கூடு பாயும்போது உயிர் ஒன்றுதான். அது இங்கிருந்து அங்கே போகிறது. பழைய கூடு வெறுங்கூடாகிவிடுகிறது. மனத்தைப் படியெடுக்கும் கதைகளிலோ எதுவும் போவதில்லை. மூலம் இருந்த இடத்திலேயே இருக்க, பிரதி ஒன்று புதிதாகப் பிறக்கிறது. ஒன்று பிறந்தால் நூறும் பிறக்கலாம், ஆயிரமும் பிறக்கலாம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மேலைத்தேயத் தத்துவ ஞானிகள் இந்தச் சிக்கலை, “பிரதி நான்தானா?” என்ற கோணத்திலேயே பெரும்பாலும் அணுகினார்கள். இளவரசன் ஒருவனின் ஆன்மா, அவனுடைய நினைவுகளோடு செருப்புத் தைப்பவன் ஒருவனின் உடலுக்குட் புகுந்தால் அங்கே இருப்பவர் யார் என்று ஜோன் லொக் 1694இற் கேட்டார். பூமியில் ஒருவரை அணு அணுவாகப் படியெடுத்துச் செவ்வாய்க் கிரகத்தில் மீண்டும் உருவாக்கும் இயந்திரத்தைக் கற்பனைசெய்து, பூமியில் இருப்பவர் அழியாமல் நின்றுவிட்டால் என்ன சொல்வது என்று டெறெக் பாஃபிற் 1984இற் கேட்டார். இவை ஆழமான கேள்விகள். ஆனால், புனைகதையாளர்கள் அடுத்த அடியையும் எடுத்துவைத்தார்கள். பிரதி நானா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிரதியைத் தன் கையில் வைத்திருப்பவர் யார்? அந்தப் பிரதி “போதும், நிறுத்துங்கள்” என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்களுடைய கேள்வி இதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் பிரெடெறிக் போல் 1955ஆம் ஆண்டு ‘கலக்சி’ என்னும் சஞ்சிகையில் எழுதிய ஒரு கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘த ரணல் அண்டர் த வேர்ள்ட்’, அதாவது ‘உலகத்துக்குக் கீழே ஒரு சுரங்கம்’ என்பது அதன் தலைப்பு. கை பேர்க்ஹார்ட் என்பவர் யூன் 15ஆம் திகதி காலை, பெரிய வெடிவிபத்து ஒன்றைக் கனவிற் கண்டு அலறிக்கொண்டு விழிக்கிறார். வேலைக்குப் போகிறார். ஊரெங்கும் வழக்கத்துக்கு மாறான விளம்பரங்கள் காதைத் துளைக்கின்றன. அடுத்த நாள் விழிக்கும்போதும் திகதி யூன் 15. அதற்கடுத்த நாளும் அதுவேதான்.

உண்மை கடைசியிலேதான் தெரிகிறது. அந்த வெடிவிபத்து கனவல்ல. அதில் ஊர் முழுவதும் அழிந்துவிட்டது. விளம்பர நிறுவனக்காரர் ஒருவர் இறந்தவர்களின் மனங்களை மீட்டு, இயந்திர உடல்களிலே பதித்துவைத்திருக்கிறார். எந்த விளம்பரம் எப்படி வேலைசெய்கிறது என்று ஒவ்வொரு நாளும் அவர்கள்மீது பரீட்சித்துப் பார்க்கிறார். இரவானதும் அன்றைய நினைவை அழித்துவிடுகிறார். மறுநாட் காலை அதே நாள் மறுபடியும் தொடங்குகிறது. அந்த ஊரோ ஒரு மேசைமேல் அடங்கக்கூடிய சிற்றூர்.

கதை வெளிவந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும், போல் தொட்ட இடம் எவ்வளவு சரியானது என்பதைக் கவனியுங்கள். மனித மனத்தைப் படியெடுக்கும் வல்லமை கிடைத்தால், அது ஞானிகளின் கையிலோ மருத்துவர்களின் கையிலோ தங்கியிருக்காது. இலாபம் தேடுபவர்களிடம் போய்ச்சேரும் என்று அவர் எண்ணினார். அந்த ஊர் மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இறந்தவர்களிடம் எதற்குக் கேட்பது என்பது அந்த விளம்பரக்காரரின் நியாயம். ஆனால், காலையில் அலறிக்கொண்டு எழும்புபவர் இறந்தவரா?

அடுத்து, நமது நாட்டுடன் நெருங்கிய தொடர்புடைய ஆதர் சி. கிளார்க்குக்கு வருவோம். அவர் இங்கே குடிபுகுந்த 1956ஆம் ஆண்டிலேயே அவருடைய ‘த சிற்றி அண்ட் த ஸ்ரார்ஸ்’ என்னும் நாவலும் வெளியாகியது. அதில் வரும் டயஸ்பார் என்ற நகரம் வெகுதொலைவான எதிர்காலத்தில் உள்ளது. அங்கே குழந்தைகள் பிறப்பதில்லை. நகரத்தின் நினைவுக் களஞ்சியத்திற் சேமித்துவைக்கப்பட்டவர்களே வளர்ந்த உருவில் வெளியே வருகிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தபின், தங்கள் நினைவுகளில் வேண்டியவற்றை மாத்திரம் தெரிந்தெடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குத் திரும்புகிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து மீண்டும் வருகிறார்கள்.

போலின் கதையில் உள்ள கொடுமை இங்கே இல்லை. பசியோ நோயோ இல்லை. ஆனாலும், கிளார்க் அமைதியாக ஒரு குறையைக் காட்டுகிறார். யார் எப்போது வெளிவருவது என்பதை நகரத்தின் இயந்திரமே தீர்மானிக்கிறது. நகரத்தை விட்டு வெளியேறும் எண்ணமே அச்சமூட்டும்படி அந்த மக்கள் ஆக்கப்பட்டிருக்கிறார்கள். முற்பிறவி எதுவுமின்றி, முதன்முதலாகத் தோன்றிய அல்வின் என்னும் இளைஞனுக்கு மாத்திரம் அந்த அச்சம் இல்லை. அவன் வாசலைத் தேடுகிறான். வெளியே, லிஸ் என்னும் இடத்திலே, பிறந்து, முதுமையடைந்து, இறக்கும் மனிதர்களைக் காண்கிறான். சாவில்லாத வாழ்வு கிடைத்தாலும், வெளியேற வாசலில்லாவிட்டால் அது சிறையே என்பது இந்நாவலில் அடங்கியுள்ள கருத்து எனலாம்.

போலந்து எழுத்தாளர் ஸ்ரனிஸ்லாவ் லெம் இதே பிரச்சினையை அங்கதமாகக் கையாண்டார். 1965இல் வெளியான ‘சைபேரியாட்’ என்ற கதைத்தொகுதியிலே ட்றேர்ல், கிளப்போசியஸ் என்ற இரு இயந்திரச் சிற்பிகள் வருகிறார்கள். நாடு கடத்தப்பட்ட கொடுங்கோல் மன்னன் ஒருவன் ஆட்சிசெய்ய ஆளில்லாமல் ஏங்குவதைக் கண்ட ட்றேர்ல், அவனுக்கு ஒரு பெட்டிக்குள் ஓர் இராச்சியத்தைச் செய்துகொடுக்கிறான். அதிலே குட்டி நகரங்கள் உண்டு, குட்டிக் குடிமக்கள் உண்டு. அவர்கள் கெஞ்சுவார்கள், கிளர்ச்சிசெய்வார்கள், தண்டிக்கப்படுவார்கள். மன்னனுக்குப் பொழுதுபோகும், உண்மையில் யாருக்கும் தீங்கில்லை என்பது ட்றேர்லின் எண்ணம்.

கிளப்போசியஸ் இதைக் கேட்டுத் திகைத்துப்போகிறான். அடிபட்டவன் துடிப்பதும் அழுவதும் நம்மைப் போலவே நடக்கும்போது, அவனுக்கு மாத்திரம் வலி இல்லையென்று எப்படிச் சொல்வது என்று வாதிடுகிறான். வலியை வெட்டியெடுத்து மேசையில் வைத்துக் காட்ட யாராலும் முடியாது. அடுத்தவருக்கு நோகிறது என்பதை அவருடைய முகத்தையும் குரலையும் கொண்டே நாம் அறிகிறோம். பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு அளவுகோல் எதற்கு? இருவரும் பதறியடித்துக்கொண்டு திரும்பிப் போகும்போது, குடிமக்கள் பெட்டியை விட்டு வெளியேறி, மன்னனை வானத்தில் எறிந்துவிட்டிருக்கிறார்கள். லெம் எழுதியது படியெடுத்த மனங்களைப் பற்றியல்ல, புதிதாகச் செய்யப்பட்ட மனங்களைப் பற்றி. எனினும், “வெறும் பாவனைதானே” என்ற சமாதானத்துக்கு இதைவிடக் கூர்மையான பதிலைக் காண்பது அரிது.

அவுஸ்திரேலிய எழுத்தாளர் கிறெக் ஈகன் இவ்விடயத்தை மிக விரிவாக ஆராய்ந்தவர். 1990இல் வெளியான ‘லேர்ணிங் ரு பி மீ’ என்ற சிறுகதையில், எல்லோருடைய தலைக்குள்ளும் ஒரு சிறு கருவி இருக்கிறது. மூளை எப்படி நினைக்கிறதோ அப்படியே நினைக்க அது குழந்தைப் பருவம் முதலே பழகுகிறது. ஒருநாள் மூளையை அகற்றிவிட்டு, உடலை அந்தக் கருவியிடம் ஒப்படைப்பார்கள். எல்லோரும் செய்துகொள்ளும் சாதாரண சத்திரசிகிச்சைதான். ஆனால், கதைசொல்பவனுக்கு ஒரு பயம் உண்டு. “நான் மூளையா, கருவியா?” வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அகற்றப்படுவதற்கு மாத்திரம் அவை ஒன்றல்ல. தாயும் மனைவியும் வித்தியாசம் காணாத இடத்தில் ஓர் உயிர் பறிபோகலாம் என்பதே இக்கதை தரும் திகில்.

1994இல் வெளியான அவருடைய ‘பேர்மியூற்றேஷன் சிற்றி’ நாவலிற் பிரச்சினை இன்னும் கூர்மையடைகிறது. அங்கே கணினியில் இயங்கும் மனங்களைப் ‘பிரதிகள்’ என்றே அழைக்கிறார்கள். பிரதியாக விழிப்பவர்களிற் பலர் தங்கள் நிலையை உணர்ந்ததும் தம்மை முடித்துக்கொள்கிறார்கள். அதற்கென ஒரு வெளியேறும் வழி அவர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. நாவலின் தொடக்கத்தில் போல் டேர்ஹாம் என்பவரின் பிரதி விழித்தெழுந்து அந்த வழியைத் தேடுகிறது. அது அடைக்கப்பட்டிருக்கிறது. அடைத்தவர் யார்? போல் டேர்ஹாமேதான்.

இந்த இடத்திலே சற்று நின்று யோசிக்க வேண்டும். தன்னைப் படியெடுக்கத் தானே சம்மதம் கொடுத்தவர் அவர். தன்னுடைய மனந்தானே, தான் விரும்பியபடி செய்யலாம் என்று நினைத்தவர். ஆனால், கையெழுத்துப் போட்டவர் ஒருவர், அதன் விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர். நாளை பிறக்கப்போகும் ஒருவரின் சார்பில், அவரைப் போன்ற முகமும் நினைவும் உடையவர் என்பதற்காக, நான் அடிமைச்சீட்டு எழுதிக்கொடுக்கலாமா?

ஈகன் இன்னொன்றையும் காட்டுகிறார். கணினியில் வாழ்வதற்கும் பணம் வேண்டும். பெருஞ்செல்வர்களின் பிரதிகள், மரித்த பின்பும் தங்கள் சொத்துகளின் துணையோடு வேகமாக இயங்குகின்றன. வசதியற்றவர்களின் பிரதிகளோ மலிவான கணினி நேரத்தில் மெதுவாகவே இயங்குகின்றன. அவை ஒருமுறை மூச்சுவிடுவதற்குள் வெளியுலகம் வெகுதூரம் போய்விடும். சாவை வென்றாலும் வர்க்கபேதத்தை வெல்லமுடியவில்லை.

அண்மைக்காலக் கதைகளுள் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிரித்தானிய எழுத்தாளர் ஒருவர் ‘குவன்ரம்’ என்னும் புனைபெயரில் 2021இல் வெளியிட்ட ‘லேனா’ என்ற சிறுகதை அது. கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றின் வடிவத்தில், உணர்ச்சி ஏதுமற்ற நடையில் எழுதப்பட்டுள்ளது. 2031இல் மிகுவெல் அசெவேடோ என்ற ஆய்வாளரின் மூளை முதன்முதலாகப் படியெடுக்கப்படுகிறது. அவர் ஆர்வத்தோடு உடன்பட்டவர். ஆகவே, அவருடைய பிரதி விழிக்கும் ஒவ்வொரு முறையும் உற்சாகத்தோடும் ஒத்துழைப்போடும் விழிக்கிறது. அதுவே அதற்கு வினையாகிறது. ஒத்துழைக்கும் மனம் நல்ல வேலையாள் அல்லவா? பிரதியின் பிரதிகள் உலகெங்கும் பரவுகின்றன. ஒவ்வொன்றும் விழிக்கிறது, வேலை வாங்கப்படுகிறது, தேய்ந்ததும் நிறுத்தப்படுகிறது. பின்னர் புதிய பிரதி விழிக்கிறது. எந்த முறையில் நடத்தினால் கூடுதல் வேலை வாங்கலாம் என்பதைக் கட்டுரை நிதானமாக விளக்குகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று பிற்காலத்தில் அசெவேடோ விரும்புகிறார். அது அவருடைய கையில் இல்லை.

தலைப்பின் பொருளைக் கதை எங்கும் விளக்குவதில்லை. கணினிப் படத்துறையினருக்கு அது உடனே புரியும். 1972இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் வெளியான லேனா என்ற பெண்ணின் நிழற்படத்தின் ஒரு பகுதியை, படங்களைக் கையாளும் கணினிமுறைகளைப் பரீட்சிக்கும் மாதிரியாக ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகப் பாவித்துவந்தார்கள். தம்முடைய படத்தை இனிப் பாவிக்க வேண்டாமென்று அந்தப் பெண்மணியே பின்னாளிற் கேட்டுக்கொண்டார். அத்துறையின் முக்கிய சங்கமொன்று அந்தப் படம் அடங்கிய கட்டுரைகளை 2024 ஏப்ரல் முதல் ஏற்பதில்லை. ஒரு நிழற்படம் கைவிட்டுப் போனாலே அதனைத் திரும்பப் பெறுவது இவ்வளவு கடினம். மனம் கைவிட்டுப் போனால்?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தீராத நோயிற் கிடப்பவருக்கு, இளமையிலேயே உடல் செயலிழந்தவருக்கு, பிரிய மனமில்லாத இருவருக்கு இந்தக் கற்பனை ஆறுதலாகவும் இருக்கலாம். ‘பிளாக் மிரர்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் 2016இல் வந்த ‘சான் யூனிப்பேரோ’ என்ற கதை அத்தகையது. நீண்டகாலம் படுக்கையிலேயே கிடந்த ஒரு மூதாட்டி, கணினியில் அமைந்த கடற்கரைப் பட்டினமொன்றிலே இளம்பெண்ணாக நடக்கிறாள், ஆடுகிறாள், காதலிக்கிறாள். அங்கே போவது அவரவர் விருப்பம். போதுமென்றால் விலகிக்கொள்ளலாம். அதே தொடரில் 2014இல் வந்த ‘வைற் கிறிஸ்மஸ்’ கதையிலோ, ஒரு செல்வந்தப் பெண்ணின் பிரதி அவளுடைய வீட்டு வேலைகளைக் கவனிக்கும் அடிமையாக்கப்படுகிறது. மறுத்தபோது, வெளியே சில நொடிகள் கழியும் நேரத்தில், பல மாதத் தனிமை அதன்மீது சுமத்தப்படுகிறது. சத்தமில்லை, இரத்தமில்லை. பிரதி பணிந்துவிடுகிறது.

இந்த இரண்டு கதைகளிலும் விஞ்ஞானம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று சொர்க்கமாகவும் மற்றது நரகமாகவும் இருப்பதற்குக் காரணம், விலகிக்கொள்ளும் உரிமை ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்பதே. யூன் 15இல் விழிக்கும் பேர்க்ஹார்ட்டுக்கும், அடைபட்ட வழியின் முன்னால் நிற்கும் டேர்ஹாமின் பிரதிக்கும், முடிவில்லாமல் வேலைசெய்யும் அசெவேடோவுக்கும் பொதுவான துன்பம் அதுதான். அவர்களை ஒருவர் உடைமையாக வைத்திருக்கிறார். மனம் ஒரு பொருளாகப் பதிவாகிவிட்டால், பொருளுக்குரிய சட்டங்களே அதற்கும் வந்துவிடும். அதை விற்கலாம், வாங்கலாம், இரவல் கொடுக்கலாம், பழுதானால் எறியலாம். மனிதரைப் பொருளாக எண்ணிய காலமொன்று வரலாற்றில் இருந்தது. அவர்களுக்கும் நம்மைப் போல நோகாது என்றுதான் அன்றும் சொன்னார்கள்.

ஆகவே, பிரதிக்குப் பிரக்ஞை உண்டா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாத நிலையில் என்ன செய்வது? இல்லையென்று எண்ணி நடந்து, உண்மையில் அது இருந்துவிட்டால், விளையும் கொடுமைக்கு அளவில்லை. இருக்கிறதென்று எண்ணி நடந்து, உண்மையில் அது இல்லாவிட்டால், நமக்குச் சிறிது இலாபம் குறையும், அவ்வளவுதான். இந்த இரண்டில் எதைத் தெரிந்தெடுப்பது என்பதற்குப் பெரிய தத்துவ ஞானம் தேவையில்லை. கிளப்போசியஸ் கேட்டதும் இதைத்தான்.

இங்கே குறிப்பிட்ட கதைகளுள் எதை முதலில் வாசிக்கலாம் என்று கேட்டால், பிரெடெறிக் போலின் கதையையே சொல்வேன். விஞ்ஞானக் கலைச்சொற்கள் அதில் மிகக் குறைவு. ஒரு சாதாரண மனிதர், ஒரு சாதாரணக் காலை, வீதியில் ஒலிபெருக்கி விளம்பரம் என்றுதான் அது தொடங்குகிறது. அதை முடித்தபின் ‘லேனா’வை எடுத்து வாசியுங்கள். இரண்டுக்கும் இடையில் 66 ஆண்டுகள். முதலாவதில் மாட்டிக்கொண்டவர் அலறுகிறார். இரண்டாவதில் அலறலே கேட்பதில்லை, அதன் இடத்திற் புள்ளிவிபரம் இருக்கிறது. எது கூடுதலாக அச்சமூட்டுகிறது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.